ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த இருவர்: வியாசர்பாடி, புழல் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் இயங்கும் சிறிய கல்வி அறக்கட்டளை ஒன்றில் நான் குழு உறுப்பினர். பள்ளியில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால், உதவி கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதித் தரும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். 2022 ஜூனில் பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரம் எங்கள் கையிருப்பு ஒரு பிள்ளைக்கு மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டும் அளவுக்கு இருந்தது. கூடவே குழுவில் இன்னொரு யோசனையும் ஓடியது. உதிரி உதிரியாகக் கொடுத்தது போதும், ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு சில வருடம் தொடர்ந்து செய்வோம் என்றார்கள்.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் வியாசர்பாடிப் பகுதி. மற்றது, புழல் காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு பெண் பி.காம். படிக்க விண்ணப்பித்திருந்தாள். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும், எந்தச் சமூகம் அதிகம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்வதும் ஒரே விசாரணையில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். அந்த நினைப்பே முதல் தவறு.

இருவரும் 2004-இல் பிறந்தவர்கள். விண்ணப்பத்தோடு வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பேரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கிறார்கள். அன்றைக்கு அதை ஒரு சுவாரசியமாக மட்டும் குறித்துவைத்தேன்.

ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டத்தோடு தொடர்புள்ள தேதிகளை மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் இந்தக் கதையே இல்லை.

இரண்டு சமூகங்களும் வந்து சேர்ந்த வழி

பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்றாலே செட்டியார்களும் தேக்கு மர வியாபாரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எங்கள் குழுவிலும் ஒருவர் "அவங்களுக்கு என்னங்க, பர்மா பஜார் இருக்கு" என்றார். ஆனால் 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் நிலமும் வட்டித்தொழிலும் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் மர ஆலையிலும் கூலி வேலை செய்தவர்களே மிகுதி. 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கையில் ரொக்கமாகச் சேர்த்துவைத்தவன் ஒரே இரவில் ஆண்டியானான். அதன்பின் சில வருடங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". அந்தப் பெயரோடு குடியுரிமை, ரேஷன் அட்டை, ஓட்டு, மனை ஒதுக்கீடு எல்லாம் மெதுவாக வந்தன. 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. திரும்பி வந்தவர்களுக்கென்றே ரெப்கோ வங்கியும் அதே வருடம் தொடங்கியது.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்தார்கள். மொத்தம் 3 லட்சம் பேருக்கு மேல். இவர்களுக்குக் கிடைத்த பெயர் "அகதி". 1987 ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் திரும்பிப் போனார்கள். 1990-இல் போர் மறுபடி மூண்டதும் படகேறி வந்தார்கள். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களின் நிலைமை அடியோடு மாறியது. வெளியே போக வர அனுமதி, அடிக்கடி ஆள் எண்ணிப் பார்க்கும் தணிக்கை, போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிரிவின் விசாரணை என்று கெடுபிடி கூடியது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு முகாம்களின் பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும் 7,469 புது வீடுகளையும் அறிவித்தது. பணக்கொடையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு 500.

வீட்டு விசாரணை: 2022 ஜூன் – ஜூலை

எங்கள் படிவத்தில் 50 மதிப்பெண். வருமானம், வீடு, வீட்டிலுள்ள பொருள்கள், கடன், படிப்பும் உடல்நலமும் என்று ஐந்து தலைப்பு, தலைக்கு 10. தேவை கூடக் கூட மதிப்பெண் கூடும்.

வியாசர்பாடி வீடு சொந்த வீடு. ஆனால் ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. ஐந்து வாரிசுகள், பாகப்பிரிவினை இல்லை. கீழே இரண்டு அறையில் இவர்கள், மாடியில் போட்ட தகரக் கூரையில் சித்தப்பா குடும்பம். தாத்தாவுக்கு ஒரு காலத்தில் பர்மா பஜாரில் கடை இருந்திருக்கிறது. டேப் ரெக்கார்டரும் விசிஆரும் வெளிநாட்டு சென்ட்டும் அங்கே மட்டும் கிடைத்த காலம் அது. 1991-இல் பொருளாதாரம் தாராளமயமான பிறகு அதே சாமான் ஊரெல்லாம் கிடைக்க ஆரம்பித்ததும் கடை படுத்துவிட்டது. அப்பா வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். பாட்டி சாயங்காலமானால் தள்ளுவண்டியில் அத்தோ, பேஜோ என்ற பர்மாப் பலகாரங்கள் போடுகிறார். ரங்கூனில் பிறந்து பதினாலு வயதில் கப்பலேறியவர். வாழைத்தண்டு சூப்பை எனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இதை அங்கே காலையில குடிப்போம்மா, இங்கதான் ராத்திரி சாப்பாடு ஆயிருச்சு" என்றார்.

கடன்தான் அந்த வீட்டின் மையம். தண்டல் மூன்று இடத்தில். பத்தாயிரம் என்று பேசினால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்கும் கணக்கு. ஒன்றை அடைக்க இன்னொன்று. அப்பா பேசும்போதே வாசலில் பைக் நின்றது. அவர் எழுந்து போய் எதையோ சொல்லிவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை.

புழல் வீடு பத்துக்குப் பத்து அறை. முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இழுத்த திண்ணை, அதிலேயே சமையல். அப்பா 1990-இல் பத்து வயதில் மன்னாரிலிருந்து வந்தவர். பெயின்டிங் வேலை. முகாம் ஆண்களில் பெயின்டர்கள் ஏராளம். மேஸ்திரி வேன் அனுப்பி அள்ளிக்கொண்டு போவார். மாதம் இருபது நாள் வேலை இருந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்துப் பணக்கொடை 5,500. வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை. அம்மாவும் பாட்டியும் தையல். தம்பி எட்டாம் வகுப்பு. ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது, பெயின்ட் அடித்த வீட்டில் கொடுத்ததாம். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். பெண் பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவது. கடன் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் அம்மா. அதையும் குறித்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தால் வியாசர்பாடிக்கு 34, புழலுக்கு 21.

மதிப்பெண்ணுக்கு வெளியே நோட்டில் எழுதிவைத்தவையும் உண்டு. வியாசர்பாடிப் பெண் விண்ணப்பத்தில் ஊர் என்ற இடத்தில் "பெரம்பூர்" என்று எழுதியிருந்தாள். ஏன் என்றேன். "வியாசர்பாடின்னா வேலைக்கே கூப்பிட மாட்டாங்க டீச்சர்" என்றாள். புழல் பெண் "ரெட்ஹில்ஸ்" என்று எழுதியிருந்தாள். அவளிடம் காரணம் கேட்கத் தோன்றவில்லை.

முதல் முடிவும் அதன் காரணங்களும்

வியாசர்பாடிப் பெண்ணுக்கே உதவி என்று குழு தீர்மானித்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். காரணங்கள் அன்றைக்கு நியாயமாகவே தெரிந்தன. புழல் குடும்பத்துக்கு மாத வருமானம் அதிகம், அரசு உதவி நிச்சயம், கடன் இல்லை, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். முகாமுக்குள் பல வருடமாகக் கல்விப் பணி செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. இந்தப் பக்கம் கடன், குடி, பள்ளியைப் பாதியில் விட்ட அண்ணன். சமூகமாகப் பார்த்தாலும் முகாம்தான் ஒழுங்காக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். அந்த வாக்கியத்தை இப்போது படித்தால் கூசுகிறது.

வீடு சுத்தமாக இருந்தது எங்கள் படிவத்தில் புழலுக்கு எதிராகப் போயிருந்தது. கடன் இல்லாததும் அப்படித்தான். முகாம்வாசிக்கு யார் கடன் கொடுப்பார்கள்? சொத்து வாங்க முடியாது, நாளைக்கு எங்கே இருப்பார் என்று தெரியாது. தண்டல்காரர்கூட யோசிப்பார். கடனில்லாமல் இருப்பதை நாங்கள் வசதி என்று கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. பர்மாவிலிருந்து வந்தவர்களில் தேறியவர்கள் எப்போதோ கொளத்தூருக்கும் மாதவரத்துக்கும் வீடு மாற்றிப் போய்விட்டார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களில் கையில் காசோ வெளிநாட்டில் உறவோ இருந்தவர்கள் முகாமுக்கு வெளியே, வளசரவாக்கம் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். நாங்கள் பார்த்த இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் வெளியேற முடியாதவர்கள். அவர்களை வைத்து இரண்டு "சமூகங்களை" ஒப்பிட்டது, காலியான சந்தையில் மிஞ்சிய காய்களைப் பார்த்து விளைச்சலைச் சொல்வது மாதிரிதான்.

திருப்பம்: 2022 ஆகஸ்ட்

ஆகஸ்டில் பேப்பரில் ஒரு செய்தி. 1986-இல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. காரணம் எளிமையானது. குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே அந்தக் காலத்துக்குக் கிடையாது.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். பழக்க தோஷத்தில் வீட்டில் எல்லாருடைய பிறந்த வருடத்தையும் ஊரையும் எழுதுவேன்; படிவம் அதைக் கேட்கவில்லை. புழல் வீட்டு அம்மா: 1985, மண்டபம்.

அப்படியானால் அவர் இந்தியக் குடிமகள். சட்டத்தை மேலும் படித்தால், 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால் போதும். பெண் பிறந்தது 2004 செப்டம்பர். அவளும் குடிமகள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இறுகிவிட்டது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. அப்பா பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர். தம்பி பிறந்தது 2008. அவனுக்கு இல்லை.

ஒரே அறையில் படுக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் இந்தியர். அது அவர்களுக்கே தெரியாது. முகாம் பதிவேட்டில் ஐந்து பேரும் இலங்கையர்.

மறுபடி புழலுக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். தணிக்கை நாள் என்பதால் ஆண்கள் எல்லாரும் முகாமிலேயே இருந்தார்கள். பாட்டிதான் கதையைச் சொன்னார். பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்தக் கணக்கில் அவருடைய அண்ணன் 1972-இல் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்து, நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். இன்றைக்கு அவர் தாயகம் திரும்பியவர். ரெப்கோ உறுப்பினர், பேரன் போலீஸ் வேலையில். தங்கை மட்டும் கல்யாணமாகி அங்கேயே தங்கினார். 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடினார். 1984-இல் கர்ப்பிணியாகப் படகேறினார். மகள் பிறந்தது மண்டபத்தில். 1988-இல் திரும்பிப் போய், 1990-இல் மறுபடி வந்தார்.

"ரெண்டாவது தடவை வந்தப்ப எல்லாரையும் ஒண்ணா நிக்கவச்சு எழுதினாங்க டீச்சர். பிறந்த ஊர் வவுனியான்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டாங்க. அப்ப சோறு போட்டாங்கல்ல, எதைப் போய்க் கேக்க?"

ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு பட்டியலில், தங்கை இன்னொரு பட்டியலில். நாங்கள் பர்மாவையும் இலங்கையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒப்பிட்டிருக்க வேண்டியது கரையில் இறங்கும்போது கையில் கொடுக்கப்பட்ட காகிதத்தை.

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "நான் இந்தியன்னு ஆயிட்டா பதிவை வெட்டிருவாங்களா டீச்சர்?" பதிவு வெட்டு என்றால் பணக்கொடை போகும், அரிசி போகும், கட்டித் தருவதாகச் சொன்ன புது வீட்டிலும் கேள்வி வரும். கணவனும் மகனும் முகாமில், தானும் மகளும் வெளியே என்று ஆகிவிட்டால்? என்னிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று வந்துவிட்டேன். அவர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு மாதம் நான் போன் செய்யவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இரண்டாவது முடிவு: 2023 ஜனவரி

அம்மா சரி என்ற பிறகு குழுவில் வைத்தேன். எதிர்ப்பு இருந்தது. "போலீஸ் விவகாரம், நமக்கு எதுக்கு வம்பு" என்றார் ஒருவர். கல்விக்கென்று வாங்கிய நன்கொடையைக் கோர்ட்டுக்குச் செலவழிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆவணங்கள் எடுக்கும் செலவை மட்டும் அறக்கட்டளை ஏற்பது, வழக்கு என்று வந்தால் தெரிந்த வக்கீல் ஒருவர் கட்டணமில்லாமல் பார்ப்பது என்று முடிவானது. வியாசர்பாடிப் பெண்ணுக்கான உதவியைத் தொடக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தோம்.

நாங்கள் பார்த்த கணக்கு இது. பி.காம். முடித்து நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தாலும், பின்னணி விசாரணையில் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை என்று வரும்போது முகாம் பிள்ளைகள் பலர் திரும்பி வருகிறார்கள். அரசு வேலை எழுதவே முடியாது. அந்தப் பெண்ணுக்கு மூன்று வருடக் கட்டணத்தைவிடப் பெறுமதியானது ஒரு பழைய பதிவேட்டின் நகல்.

நடந்தவை

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மூன்று முறை அலைந்தோம். 1985 பதிவேட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. தாயின் பெயரில் ஓர் எழுத்து வேறு. பெயரைச் சேர்க்கத் தனி விண்ணப்பம், எழுத்தைத் திருத்த உறுதிமொழிப் பத்திரம். முகாம் பதிவில் வவுனியா, பிறப்புப் பதிவில் மண்டபம் என்று இருந்ததால் பாஸ்போர்ட் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. கடைசியில் வழக்குப் போட வேண்டியதாயிற்று. திருச்சிப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்ட செய்தி வந்தபோது எங்கள் வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. 2025 தொடக்கத்தில் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. பதிவு இன்றுவரை வெட்டப்படவில்லை. வெட்ட மாட்டார்கள் என்று யாரும் எழுதியும் தரவில்லை.

பெண் இதற்கிடையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். முதல் வருடக் கட்டணத்துக்கு நீலகிரி மாமா தாத்தா பணம் அனுப்பியிருக்கிறார்.

வியாசர்பாடிக் கதை வேறு மாதிரி போயிற்று. கட்டணத்தைக் கட்டினோம், சான்றிதழ் எல்லாம் அவளிடம் இருந்தது, சாதிச் சான்றிதழ் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வரை ஒன்றும் குறையில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தள்ளுவண்டி உடைந்தது. ஆட்டோ இரண்டு வாரம் ஓடவில்லை. வாடகை மட்டும் ஓடியது. ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் தண்டலுக்கே போயிற்று. மேலும் இரண்டு தண்டல் ஏறின. பிப்ரவரியில் அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மொபைல் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்களுக்குத் தெரிந்தது ஏப்ரலில்.

போய்க் கேட்டபோது அவள் கோபப்படவில்லை. "நீங்க காலேஜுக்குக் கட்டினீங்க டீச்சர். வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு யார் கட்டுறது?" என்றாள்.

அதே குடும்பத்துக்கு ரெப்கோவில் வீட்டின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் கேட்கலாம் என்று பாட்டிக்குத் தெரியும். ஒதுக்கீட்டு ஆணை பெயர் மாறாமல் எதுவும் நடக்காது என்பதும் தெரியும். ஒரு அத்தை கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாகம் தராமல் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள் என்கிறார். இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம், பலிக்கவில்லை.

2024 ஜூனில் குழு ஒரு விதியை மீறியது. மூன்றாம் வருடக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் தண்டல்களை அடைத்தோம். பணத்தை அப்பா கையில் கொடுக்காமல் ஒவ்வொரு தண்டல்காரரிடமும் நானும் பாட்டியும் நேரில் போய்க் கொடுத்து, கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்கினோம். இதை ஒப்புக்கொள்ளாத ஓர் உறுப்பினர் விலகினார்.

மாற்றியவை

படிவத்தில் இப்போது ஒவ்வொருவரும் பிறந்த தேதி, பிறந்த இடம், அதற்குக் கையில் உள்ள ஆதாரம் என்று தனிக் கட்டம் உண்டு. கடன் இல்லை என்று சொன்னால், கேட்டால் யார் கொடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. வீடு யார் பெயரில், எத்தனை வாரிசு என்றும் கேட்கிறோம். அரசு உதவி பெறுவதற்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்திவிட்டோம். எந்தச் சமூகம் அதிகம் பின்தங்கியது என்ற கேள்வியைக் கைவிட்டோம். குடும்பத்துக்குக் குடும்பம் எது தடையாக நிற்கிறது என்று ஒரே வரியில் எழுதச் சொல்கிறோம். அந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.

மறுபடி செய்வதானால் வியாசர்பாடியில் கட்டணத்துக்கு முன் தண்டலைப் பார்ப்பேன். புழலில் முதல் நாளே பாட்டியிடம் பேசுவேன். வருமானம் கேட்கும் அவசரத்தில் அவரை நான் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன்.

இந்தக் கணக்கு எல்லா முகாம் குடும்பங்களுக்கும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். 1987-க்கு முன் இங்கே பிறந்தவர் வீட்டில் ஒருவராவது இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளை மட்டுமே சொல்கிறது. இலங்கை அதில் இல்லை.

இப்போதைய நிலை

புழல் பெண் 2025 மே மாதம் பி.காம். முடித்து, மண்ணடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஜூனில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள்; போலீஸ் விசாரணையில் நிற்கிறது. வியாசர்பாடிப் பெண் ஷோரூம் வேலையை விடாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்திருக்கிறாள். பாட்டியின் வண்டி மறுபடி ஓடுகிறது. அத்தை இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு. அன்று ராத்திரி புழல் பெண் போன் செய்தாள். ஆணையை முழுதாகப் படித்திருந்தாள். "அப்பாவை ஜெயில்ல போட மாட்டாங்களாம் டீச்சர். இந்த ஊர்க்காரர்னு மட்டும் சொல்லல" என்றாள். தம்பிக்கு இதனால் ஏதாவது வழி பிறக்குமா என்று கேட்டாள். அவன் இப்போது பிளஸ் ஒன். அவனுக்காக எந்த விண்ணப்பமும் இதுவரை போடவில்லை. அக்காவின் பாஸ்போர்ட் வரட்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.